வெள்ளைச் சீருடைக்குள் ஒரு மாமியார்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டு அம்மாள் மகளைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தார். "நர்சம்மா, நீங்களாவது இவளுக்குப் புத்தி சொல்லுங்க. கோயம்புத்தூர்ல நல்ல ஆஸ்பத்திரி. நாலே மாசத்துல எழுதிக் குடுத்துட்டு வந்துட்டா. நாலு வருஷம் பி.எஸ்ஸி. நர்சிங் படிக்க வெச்ச கடனே இன்னும் தீரல" என்றார்.

அந்தப் பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது. சின்ன வயதில் எங்கள் வீட்டுக் கொய்யா மரத்தில் ஏறி விழுந்தவள், அன்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முப்பத்தைந்து வருஷம் அரசு மருத்துவமனைகளில் நர்ஸாக இருந்தவள் நான். இப்படிக் கூட்டிக்கொண்டு வரும் பெண்களுக்குச் சொல்வதற்கென்று என்னிடம் தயாராக ஒரு பாட்டு உண்டு. "முதல் வருஷம் அப்படித்தாம்மா இருக்கும். சீனியர் திட்டினாத்தான் கை பழகும். நாங்க வாங்காத திட்டா?" அன்றும் வாயைத் திறந்துவிட்டேன். முதல் வாக்கியம் முடிவதற்குள் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பாட்டி, திட்டினா பரவாயில்ல. நான் கேட்டா யாரும் பதிலே சொல்ல மாட்டாங்க. நைட்ல ஐ.சி.யூ.ல இன்ஃப்யூஷன் பம்ப் கத்துது, எப்படி நிறுத்தறதுன்னு கேட்டேன். மூணு பேர் உட்கார்ந்து சிரிச்சாங்க. காலேஜ்ல என்ன கிழிச்சேன்னு கேட்டாங்க. அது தப்பா ஏதாவது ஆகியிருந்தா பேஷன்ட் போயிருப்பாரு."

என் பாட்டு அங்கேயே நின்றுவிட்டது. அவளுடைய ஆஸ்பத்திரியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த மூன்று பேரில் ஒருத்தியை எனக்கு நன்றாகத் தெரியும். அவள் நான்தான்.

இந்தப் பக்கத்தில் என் வேலைக் காலத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறேன். புயலன்று பிறந்த இரட்டையர், பாம்புக்கடிப் பையன், மெஸ்ஸில் உப்புமாவுக்கு நடந்த போராட்டம் எல்லாம் படித்துவிட்டு நீங்களும் அன்பாகப் பாராட்டினீர்கள். எல்லாவற்றிலும் நான் நல்லவளாகவே வந்திருக்கிறேன் என்பதைக் கவனித்தீர்களோ இல்லையோ! எழுதுகிறவள் கையில்தானே பேனா இருக்கிறது. இன்றைக்கு மற்றதை எழுதுகிறேன்.

1998. டெல்டா மாவட்டம் ஒன்றில் ஓர் அரசு மருத்துவமனை. பிரசவத்துக்குப் பிந்தைய வார்டுக்கு நான் இன்சார்ஜ். நாற்பது கட்டில். ஆடி கழிந்து ஆவணி பிறந்தால் அறுபது எழுபது தாய்மார்கள். கட்டிலுக்கு இரண்டு பேர், மீதிப் பேர் தரையில் பாய். இரவு டூட்டிக்கு ஒரே ஒரு ஸ்டாஃப் நர்ஸ். பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் மூன்று பேருக்கு ஒருவர் என்று இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கை நாங்கள் பரீட்சைக்கு மட்டும் படித்தோம்.

அந்த வார்டுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். மெலிந்த உடம்பு, மெல்லிய குரல். அப்பா கிராமத்துப் பள்ளி ஆசிரியர். வேலை சுத்தம், ஆனால் எதையும் இரண்டு முறை கேட்பாள். இரண்டு முறை கேட்பது ஒரு நர்ஸுக்கு எவ்வளவு நல்ல குணம் என்று இன்று எனக்குத் தெரியும். அன்று எரிச்சலாக இருந்தது. அறுபது பேர் வார்டில் யாராவது ஒருவர் மீது எரிச்சலைக் கொட்டியாக வேண்டும். அவள் எதிர்த்துப் பேசாதவள்.

என்ன செய்தேன் என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் சொல்ல முடியாது. கை நீட்டவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. காலையில் ரிப்போர்ட் படிக்கும்போது அவள் எழுதியதை மட்டும் உரக்கப் படித்து எழுத்துப் பிழையைச் சொல்வேன். ஆயாம்மாக்கள் சிரிப்பார்கள். பஞ்சு, ஸ்பிரிட், கையுறை இருக்கிற அலமாரிச் சாவியை மற்ற நர்சுகளிடம் கொடுப்பேன், அவளிடம் கொடுக்க மாட்டேன். தீபாவளிக்கு அவளுக்கு நைட். பொங்கலுக்கும் அவளுக்கு நைட். அவள் வந்து நின்றால், எழுதுவதை நிறுத்தாமல் எழுதிக்கொண்டே இருப்பேன். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். அவள் நின்றுகொண்டே இருப்பாள்.

ரோஸ்டர் நோட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு வார்டில் யாருக்கு எந்த நாள் என்ன டூட்டி, யாருக்கு எப்போது வார விடுமுறை என்று எழுதும் நோட்டு அது. எழுதுவது இன்சார்ஜ். பென்சிலில் எழுதுவோம். பென்சிலில் எழுதியதை எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம் அல்லவா? ஒரு பெண்ணின் கல்யாண நாள், குழந்தையின் காய்ச்சல், மாமியார் வீட்டுத் திவசம் எல்லாம் அந்த ரப்பரின் முனையில் இருந்தன. கலெக்டருக்குக்கூட அவ்வளவு அதிகாரம் கிடையாது என்று நாங்களே வேடிக்கையாகச் சொல்வோம்.

சம்பவத்துக்கு வருகிறேன். பிரசவமானதும் வலிப்பு வந்த ஒரு தாய் வார்டில் இருந்தாள். அப்போது எங்கள் பக்கம் மெக்னீசியம் சல்ஃபேட் ஊசி பழக்கத்துக்கு வந்திருந்தது. நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஐந்து கிராம், ஒரு தடவை வலது இடுப்பு, அடுத்த தடவை இடது இடுப்பு. அருமையான மருந்து, எத்தனையோ தாய்மார்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் உடம்பில் அதிகமாகத் தங்கிவிட்டால் மூச்சையே நிறுத்திவிடும். அதனால் ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் உதறுகிறதா, நான்கு மணி நேரத்தில் நூறு மில்லியாவது சிறுநீர் இறங்கியிருக்கிறதா, மூச்சு நிமிஷத்துக்கு பதினாறுக்குக் குறையாமல் இருக்கிறதா. இதில் ஒன்று சரியில்லை என்றாலும் ஊசியை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

இரவு இரண்டு மணி ஊசி அந்தப் பெண்ணின் பொறுப்பு. காலை ஏழு மணிக்கு நான் வந்து கேஸ் ஷீட்டைப் பார்க்கிறேன், இரண்டு மணிக்கு எதிரே ஒன்றுமில்லை. ஊசி போட்டதாகவும் இல்லை, போடவில்லை என்றும் இல்லை. வெறும் கட்டம்.

என்னடி இது என்று கேட்டேன். "கால் உதறுதா இல்லையான்னு எனக்குச் சரியாத் தெரியல சிஸ்டர். அதான் போடல" என்றாள். ஏன் டூட்டி டாக்டரைக் கூப்பிடவில்லை என்றதற்குப் பதில் இல்லை.

அறுபது தாய்மார்கள், அவர்களுடைய அம்மாக்கள், மாமியார்கள், பால் ஊற்ற வந்தவர், பெருக்குகிற ஆயா, இத்தனை பேர் நடுவில் வைத்து நான் பேசிய பேச்சை இங்கே எழுத மாட்டேன். அவளுடைய அப்பா வாத்தியார் என்பதைக்கூட இழுத்தேன்.

எட்டு மணிக்கு டாக்டரம்மா வந்து முழங்காலைத் தட்டிப் பார்த்தார். உதறல் மந்தமாகத்தான் இருந்தது. "நிறுத்தி வெச்சது நல்லதாப் போச்சு. ஆனா என்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றார். அதற்குள் அந்தப் பெண் டூட்டி முடிந்து விடுதிக்குப் போய்விட்டாள். டாக்டர் சொன்ன இரண்டு வாக்கியத்தில் இரண்டாவதை மட்டும் நான் அவளிடம் சொன்னேன். முதல் வாக்கியத்தை என்னிடமே வைத்துக்கொண்டேன்.

அவள் ஏன் டாக்டரை எழுப்பவில்லை என்பது எனக்கு அன்றே தெரியும். பத்து நாளைக்கு முன்பு ஓர் இரவில் டாக்டரை எழுப்பியிருந்தாள், சின்ன விஷயம். டாக்டர் மறுநாள் என்னிடம் முகத்தைக் காட்டினார், நான் அவளிடம் காட்டினேன். "இனிமே சும்மா சும்மா டாக்டரை எழுப்பினா மெமோதான். வார்டு பேரைக் கெடுக்காதே" என்று சொல்லியிருந்தேன். ஆக, ஒரு தாய் மூச்சு நின்று போகக்கூடிய நிலையில் இருந்தபோது, அந்தப் பெண் நோயாளிக்குப் பயந்ததைவிட எனக்குப் பயந்திருக்கிறாள். ஊசி போட்டிருந்தாலும் என் பயத்தில் போட்டிருப்பாள். போடாமல் விட்டது அவளுடைய நல்ல புத்தி. அதற்குத்தான் மெமோ வாங்கினாள்.

அரசு வேலையில் இருந்தவர்களுக்கு 17(ஏ), 17(பி) என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. அவள் தகுதிகாண் பருவத்தில் இருந்தாள். மெமோவுக்குப் பிறகு இரண்டு வாரம் தொடர்ந்து நைட் போட்டேன். யாரோ அவளிடம் 17(பி) வரும் என்று வேறு பயமுறுத்தியிருக்கிறார்கள். யாரோ என்ன, நான் தடுக்கவில்லை. ஒரு மாசத்தில் ராஜினாமாக் கடிதம். அரசு வேலையை, பென்ஷன் உள்ள வேலையை, வாத்தியார் வீட்டுப் பெண் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறாள்! ஊரே பேசியது.

அவளுடைய அப்பா வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் மூடி போட்ட பேனா. என் முன்னால் கை கூப்பினார். "என் பொண்ணு என்னம்மா தப்பு பண்ணுச்சு? சொன்னா திருத்திக் கூட்டிட்டு வர்றேன்" என்றார்.

"தப்பு ஒண்ணும் இல்லீங்க சார். மனசுல திடம் பத்தல, இந்த வேலைக்குத் தாங்காது" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

இதை எல்லாம் வாசித்துவிட்டு என் தோழிகள் சிலர் போன் செய்வார்கள் என்று தெரியும். "நாமெல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம், கண்டிப்பு இல்லாமல் வார்டு நடக்குமா?" என்பார்கள். நியாயமான கேள்விதான். மருந்து மாறினால் உயிர் போகிற இடத்தில் கண்டிப்பு இல்லாமல் முடியாது.

நான் பயிற்சி முடித்து 1977-ல் சேர்ந்தபோது எனக்கு இரண்டு சீனியர்கள் வாய்த்தார்கள். ஒருவர் ஆண்கள் சர்ஜிக்கல் வார்டில். அவரும் கடும் கண்டிப்புதான். ஊசி மருந்துக் குப்பியை எடுக்கும்போது ஒரு தடவை, மருந்தை இழுக்கும்போது ஒரு தடவை, குப்பியைத் திரும்ப வைக்கும்போது ஒரு தடவை என்று மூன்று முறை லேபிளைப் படிக்காவிட்டால் கையில் இருப்பதைப் பிடுங்கிவிடுவார். திட்ட வேண்டுமென்றால் துணி அடுக்கும் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு திட்டுவார். வெளியே வந்ததும், "வா, டீ குடிக்கலாம்" என்பார். இன்னொருவர் லேபர் வார்டில். அவர் உள்ளே வந்தால் எழுந்து நிற்க வேண்டும், கேப் ஒரு நூல் சாய்ந்திருந்தால் எல்லார் முன்னாலும் கழற்றி எறிவார். கருவி எங்கே இருக்கிறது என்று சொல்ல மாட்டார், தெரியவில்லை என்றால் திட்டுவார். இருவரும் கண்டிப்பானவர்கள் என்றுதான் பெயர். முதலாமவரிடம் நான் வேலை கற்றேன். இரண்டாமவரிடம் கற்றதும் வீண் போகவில்லை; இருபது வருஷம் கழித்து அந்த ஆசிரியர் மகளிடம் அப்படியே செய்து காட்டினேன்.

கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்த உங்களுக்கு இது புதிது இல்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இடிபட்ட மருமகள், தனக்கு மருமகள் வரும் வரைக்கும் காத்திருந்து அதே இடியை எடுத்துக் கொடுக்கிறாள். 1983-ல் சூசன் ஜோ ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியை, மேலே இருப்பவர்களிடம் வாய் திறக்க முடியாத கூட்டம் தனக்குள்ளேயே ஒருவரை ஒருவர் கடித்துக்கொள்ளும் என்பதை நர்சுகளுக்குப் பொருத்திக் கட்டுரை எழுதினார். 1986-ல் ஜூடித் மைஸ்னர் என்பவர், நாம் நம் குஞ்சுகளையே தின்கிறோமா என்று தன் இனத்தையே கேட்டார். நர்சுகள் குஞ்சு தின்னிகள் என்ற பேச்சு அங்கே இன்றுவரை பிரபலம். ஓய்வுக்குப் பிறகு என் மகன் இதை எனக்கு வாசித்துக் காட்டினபோது, கடல் தாண்டியும் நம்ம வார்டுதானா என்று சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு போய்விட்டது.

டாக்டர் இன்சார்ஜைக் கத்துவார். இன்சார்ஜ் ஸ்டாஃபைக் கத்துவார். ஸ்டாஃப், பயிற்சி மாணவியைக் கத்துவாள். மாணவி ஆயாம்மாவை. ஆயாம்மா, கட்டிலில் கிடக்கிற ஏழைத் தாயை. கடைசியில் யார் மீது விழுகிறது பாருங்கள்! பிரசவ வலியில் அலறும் பெண்ணிடம் நம் மருத்துவமனைகளில் என்னென்ன பேசுகிறார்கள் என்று உங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். அது தனியாக வந்த கெட்ட பழக்கம் என்று நான் நினைக்கவில்லை. மேலேயிருந்து படி இறங்கி வந்ததுதான்.

இப்போது இன்னும் ஒரு படி சேர்ந்துவிட்டது, நிரந்தரம், ஒப்பந்தம் என்று. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வை எழுதி வந்த நர்சுகள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்து போராடியது உங்களுக்கு நினைவிருக்கலாம். அவர்களில் இரண்டு பெண்கள் எங்கள் உறவு. சம்பளம் குறைவு என்பதைவிட, பக்கத்தில் அதே வேலை செய்யும் நிரந்தர நர்ஸ் தங்களை "காண்ட்ராக்ட்" என்று பெயர் சொல்லாமல் கூப்பிட்டதைத்தான் அதிகம் சொல்லி அழுதார்கள். ஜாதி கேட்பது, மலையாளம் பேசுகிற பெண்ணைத் தனியாக ஒதுக்குவது, கறுப்பு, குண்டு என்று பட்டப்பெயர் வைப்பது எல்லாம் உண்டு. வெள்ளைச் சீருடை போட்டுவிட்டால் மனசு வெளுத்துவிடுமா என்ன?

நர்சுகள் ஏன் நிற்பதில்லை என்று கேட்டால் எல்லாரும் ஒரே குரலில் சம்பளம் என்பார்கள். வளைகுடா, இங்கிலாந்து, ஜெர்மனி என்று பறக்கிறார்கள், காசுக்கு ஓடுகிறார்கள் என்று பெருமூச்சு விடுவார்கள். காசு காரணம் இல்லை என்று சொல்ல நான் பைத்தியக்காரி இல்லை. 2016-ல் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. எதிர்வீட்டுப் பெண்ணுக்கு இத்தனை வருஷம் கழித்து ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் 16,000. ஆனால் அவள் அந்த 16,000-க்காக எழுதிக் கொடுக்கவில்லையே! சேரும்போதே சம்பளம் தெரியும். தெரியாமல் இருந்தது அந்தச் சிரிப்புதான்.

அரசாங்கத்தில் இந்தக் கணக்கு வெளியே தெரியாது. யாரும் லேசில் ராஜினாமா செய்ய மாட்டார்கள். மாறுதல் கேட்பார்கள், மருத்துவ விடுப்பு போடுவார்கள், சம்பளமில்லா விடுப்பில் போவார்கள், ஆரம்ப சுகாதார நிலையம் ஏதாவது ஒன்றில் போய் ஒதுங்குவார்கள். அலுவலகப் பதிவேட்டில் "குடும்பக் காரணம்", "உடல்நலக் குறைவு" என்று எழுதியிருக்கும். நான் சூப்பரின்டெண்டாக இருந்த கடைசி ஆறு வருஷத்தில் என் மேஜைக்கு வந்த மாறுதல் மனுக்களில் ஒன்றில்கூட "இன்சார்ஜ் தொல்லை" என்று எழுதியிருந்ததில்லை. வாய்விட்டுக் கேட்டால்தான் வரும். நான் கேட்க ஆரம்பித்தது கடைசி இரண்டு வருஷம்தான். கேட்டபோது பாதிப் பேர் அழுதார்கள்.

தனியாரில் கணக்கு பச்சையாகத் தெரியும். ஒருத்தி போனால் அவளுடைய டூட்டி மீதி இருப்பவர்கள் தலையில். இரட்டை டூட்டி பார்த்தவளுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? அடுத்து வரும் புதியவள் மீது பாய்வாள். அவளும் போவாள். பெரிய ஆஸ்பத்திரிகள் எப்போது பார்த்தாலும் ஸ்டாஃப் நர்ஸ் தேவை என்று விளம்பரம் கொடுத்துக்கொண்டே இருப்பதன் ரகசியம் பாதி இதில் இருக்கிறது. வாளியில் ஓட்டையை வைத்துக்கொண்டு குழாயைத் திறந்துவிடுகிறார்கள்.

எனக்கு ஒரு விஷயம் விளங்கவே இல்லை. 1996-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் நாவரசு கொலைக்குப் பிறகு, 1997-ல் தமிழ்நாடு அரசு ராகிங்குக்குத் தடைச் சட்டமே கொண்டுவந்தது. நர்சிங் கல்லூரியில் ஒரு மாணவியைச் சீனியர் நிற்க வைத்துச் சிரித்தால் அது குற்றம். அதே மாணவி பட்டம் வாங்கிக்கொண்டு வார்டுக்குள் காலை வைத்துவிட்டால், அதே சீனியர் அதே சிரிப்பைச் சிரித்தால், அது "வேலைப் பழக்கம்". வேலையிடத்துப் பாலியல் தொல்லைக்கு 2013 சட்டம் இருக்கிறது, உள்ளகக் குழு இருக்கிறது. நோயாளியின் உறவினர் வந்து அடித்தால் நம் மாநிலத்தில் 2008 சட்டம் இருக்கிறது. சக நர்ஸ் ஒருத்தி தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உயிரை எடுத்தால் எங்கே போய் எழுதிக் கொடுப்பது? அந்த இன்சார்ஜ் மூலமாகத்தான் மனு மேலே போக வேண்டும். "தக்க வழியாக" என்று எழுத வேண்டுமல்லவா!

சட்டம் வந்தால் எல்லாம் மாறிவிடும் என்று நம்புகிற வயது எனக்கு இல்லை. ஆனாலும் சில சின்ன வேலைகள் காசில்லாமல் செய்யலாம். ரோஸ்டரை ஒரு மாதத்துக்கு முன்பே பேனாவில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும், பண்டிகை நைட் முறை வைத்து வர வேண்டும். என் கடைசி வருஷங்களில் இதைச் செய்து பார்த்தேன். இன்சார்ஜ்கள் என்னைத் திட்டினார்கள், மாறுதல் மனு குறைந்தது. புதிதாக வருகிற பெண்ணுக்கு முதல் மூன்று மாதம் ஒரு சீனியரைத் துணை போட வேண்டும். அவர் அந்த வார்டு இன்சார்ஜாக இருக்கக் கூடாது. முக்கியமாக முதல் நைட்டுகளில் தனியாக விடக் கூடாது. நல்லிரவில் டாக்டரை எழுப்பிய நர்ஸை மறுநாள் யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது, சின்ன விஷயமாக இருந்தாலும். ராஜினாமா எழுதுகிறவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அந்த வார்டுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் காரணம் கேட்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஆள் வேண்டாமா என்றால் வேண்டும்தான். அறுபது தாய்க்கு ஒரு நர்ஸ் என்று வைத்துவிட்டு அந்த நர்ஸைச் சிரித்த முகமாக இரு என்பது அநியாயம். ஆனால் ஆள் குறைவு என்ற சாக்கை வைத்து என்னை நான் விடுவித்துக்கொள்ள மாட்டேன். சர்ஜிக்கல் வார்டு அக்காவுக்கும் ஆள் குறைவுதான்.

உங்களையும் ஒன்று கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். நாம் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது ஓர் இளம்பெண் ஊசியோடு வந்தால், "உனக்கு நரம்பு பிடிக்கத் தெரியுமா? பெரிய சிஸ்டரைக் கூப்பிடு" என்கிறோமே, அது எங்கே போய் முடியும் தெரியுமா? பெரிய சிஸ்டர் வருவார், நமக்கு ஊசி போடுவார், வெளியே போய் அந்தப் பெண்ணுக்கு வேறு ஊசி போடுவார். பேத்தி வேலைக்குப் போன இடத்தில் யாரோ படுத்துகிறார்கள் என்று போனில் அழுதால், நாம் முதலில் சொல்வது "அனுசரிச்சுப் போ". கல்யாணம் ஆன பெண்ணுக்குச் சொன்ன அதே வார்த்தை. என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு அப்புறம் சொல்லலாமே.

அந்த ஆசிரியர் மகளை அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை பார்த்தேன். 2016-ல், கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ப்ளஸ் டூ படிக்கிற வயதில் ஒரு மகள். தையல் கடை வைத்திருப்பதாகச் சொன்னார்கள். நான் எதிர் வரிசையில் உட்காரப் போனேன். என்னைப் பார்த்ததும் அவள் எழுந்து நின்றுவிட்டாள். கையெல்லாம் சாம்பார் சாதம். பதினெட்டு வருஷம் கழித்து, நர்ஸ் வேலையே இல்லை, நான் ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆகிறது. எழுந்து நின்று, "சிஸ்டர்" என்றாள். மகள் அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தாள், ஏன் நிற்கிறாய் என்று.

"உட்காரு, உட்காரு, சாப்பிடு" என்றேன். டாக்டரம்மா அன்றைக்குச் சொன்ன முதல் வாக்கியத்தை அப்போதாவது சொல்லியிருக்கலாம். பாயசம் வந்தது, வாய் திறக்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து தேடினேன். பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

எதிர்வீட்டுப் பெண்ணுக்குத் திருச்சியிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் இன்டர்வியூ வந்திருக்கிறது, வருகிற திங்கட்கிழமை. அங்கே நர்சிங் பொறுப்பில் இருப்பவள் என்னிடம் வேலை பார்த்தவள்தான். நேற்று அவளுக்குப் போன் போட்டேன். சிபாரிசு செய்யப் போகிறேன் என்று நினைத்து, "சொல்லுங்கக்கா, பண்ணிடலாம்" என்றாள்.

"சிபாரிசு இல்லடி. புதுசா வர்ற பொண்ணுக்கு முதல் மாசம் நைட்ல கூட யாராவது இருப்பாங்களா? அதை மட்டும் சொல்லு" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "எங்கக்கா ஆள் இருக்கு? எனக்கே இன்னிக்கு டபுள் டூட்டி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.